கத்தரி யார் கையில்?

தையல் கடை என்றதும் எல்லோருக்கும் மெஷின்தான் ஞாபகம் வரும். நானும் தைக்கிறவள்தான். என்னைக் கேட்டால், கத்தரி பிடிப்பவள்தான் முதலாளி. தைப்பதற்குக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். பெண்கள் நடத்திய கடைகளின் பழைய கதைகளைப் படிக்கும்போதும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

17ஆம் நூற்றாண்டு பாரிஸில் உடை வெட்டித் தைத்து விற்கும் உரிமை ஆண் தையற்காரர்களின் சங்கத்திடம் இருந்தது. பெண்கள் மறைவாகத் தைத்துக் கொடுத்தார்கள். 1675இல்தான் மன்னர் பதினான்காம் லூயி அவர்களுக்குத் தனிச் சங்கம் அனுமதித்தார். அதிலும், அரசவை உடையின் விறைப்பான மேற்பகுதியும் பின்னால் இழுபடும் தோகையும் ஆண்களுக்கே என்று ஒதுக்கிவிட்டார்கள். காசு பார்க்கும் வேலையை யார் விட்டுக்கொடுப்பார்கள்!

அந்தக் காலத்தில்தான் மாண்டுவா என்ற தளர்வான உடை பரவியது. பட்டு விலை அதிகம், கண்டபடி வெட்ட முடியாது. போடுபவளின் உடம்பிலேயே துணியைப் போர்த்தி, மடிப்புப் பிடித்து, குண்டூசி குத்தி வடிவம் கொண்டுவருவார்கள். பெண்ணைத் தொட்டு அளவு பார்க்கும் இந்த வேலை பெண்கள் கையிலேயே நிலைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் எலிசபெத் கெக்லி. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். செயின்ட் லூயிஸில் அவர் தைத்துச் சம்பாதித்ததில் அவரை அடிமையாக வைத்திருந்த குடும்பம் சாப்பிட்டது. விடுதலைக்கு விலை 1,200 டாலர். உடை தைத்துக்கொண்ட பெண்கள் கடன் கொடுக்க, 1855இல் தன்னையும் மகனையும் மீட்டார். அந்தக் கடனையும் தைத்தே அடைத்தார். பிறகு வாஷிங்டனில் கடை போட்டு, லிங்கனின் மனைவிக்கே தைத்தார்.

மெஷின் வந்து இந்தக் கடைகள் அழிந்தன என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1850களில் சிங்கர் கம்பெனி தவணைக்கு மெஷின் கொடுத்தது கடைக்காரிகளுக்கும் நல்லதுதான். நீளத் தையல் நிமிடத்தில் முடிந்தது. கை பொருத்தும் கைக்குழியை மெஷினா வெட்டும்? அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 1863இல் மாசசூசெட்ஸில் ஸ்டெர்லிங் என்ற சின்ன ஊரில் பட்டரிக் தம்பதி அளவுவாரியாகக் காகித மாதிரிகள் விற்க ஆரம்பித்தார்கள். வெட்டத் தெரியாதவளும் காகிதத்தைத் துணிமேல் வைத்து வெட்டிவிடலாம்.

1920களின் தொளதொள உடைக்கு இறுக்கமான அளவே வேண்டாம். ஆயத்த ஆடைக்கு அது வழிவிட்டது. சின்னக் கடைகளுக்குக் கல்யாண உடையும் ஆல்டரேஷனும்தான் மிஞ்சின. அடுத்தவர் தையலைப் பிரித்து, உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று தேடித் திரும்பத் தைப்பது, புதிதாகத் தைப்பதைவிடக் கஷ்டம். கூலியை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள்.