படிவப் பெட்டிக்குக் கிளாஸ் சேர்க்கும் கேள்வி: ட்ரூபல் செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

இணையதளங்களை உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருளான ட்ரூபலில் நிரலாளர் வேலைக்காக ஒரு நிறுவனம் வைத்த செய்முறைத் தேர்வில் சென்ற ஆண்டு தோற்றேன். ஏழு மாதம் கழித்து, வேறோர் இடத்தில், ஏறத்தாழ அதே கேள்வியில் தேறினேன். வியாசர்பாடி ஜீவா நிலையத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் ரயில் சத்தம் ஓயாது என்பதால், இடைப்பட்ட மாதங்களில் கொளத்தூரிலுள்ள பொதுப் படிப்பிடமான முதல்வர் படைப்பகத்தில்தான் பெரும்பாலும் உட்கார்ந்து படித்தேன்.

கேள்வி இதுதான்: ட்ரூபல் 10இல் தொடர்புப் படிவத்தின் பெயர், மின்னஞ்சல், பொருள் (சப்ஜெக்ட்), செய்தி ஆகிய நான்கு பெட்டிகளுக்கும் அனுப்பும் பொத்தானுக்கும், டெம்ப்ளேட் (பக்க வார்ப்புரு) கோப்பைத் தொடாமல், மாட்யூல் எனும் கூடுதல் நிரல்தொகுப்பு வழியாக, தோற்றத்தை மாற்றப் பயன்படும் அடையாளப் பெயரான சி.எஸ்.எஸ். கிளாஸ் சேர்க்க வேண்டும். படிவத்தைக் காட்டுமுன் மாற்ற ட்ரூபல் இடம் தரும் ஃபார்ம் ஆல்டர் ஹூக் என்ற செயற்கூறில் எழுதவேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் '#அட்ரிபியூட்ஸ்' என்பதற்குள் இருக்கும் 'கிளாஸ்' சாவிக்கு (கீ) நேராக ஒரு சொல்லைச் சமக்குறி போட்டு எழுதிவிட்டேன். அந்த இடத்தில் ட்ரூபல் எதிர்பார்ப்பது அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல். பின்னால் ட்ரூபல் தன் சொந்தக் கிளாஸ்களை அரே மெர்ஜ் மூலம் சேர்க்கும்போது, பட்டியலுக்குப் பதில் சரத்தை, அதாவது வெறும் எழுத்துத் தொடரைக் கண்டு, ட்ரூபல் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி. 8 டைப் எரர் எறிந்தது. எதிர்பாராத பிழை என்ற ஒரே வரியைத் தவிரத் திரையில் வேறு எதுவும் இல்லை, எனக்கு வியர்த்துவிட்டது.

அரேயாக எழுதினாலும் சமக்குறி போட்டால் வேறொரு இழப்பு உண்டு. பொருள் பெட்டியில் ட்ரூபல் முன்பே வைத்திருக்கும் 'டெக்ஸ்ட்-ஃபுல்' போன்ற கிளாஸ்கள் ஓசையின்றி அழிந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆகவே 'கிளாஸ்' சாவியை அடுத்துக் காலி சதுர அடைப்புக்குறி இட்டு, இருப்பதன் கடைசியில் சேர்ப்பதையே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்கும் அடுத்த இடம் ஆழம். பெயரும் மின்னஞ்சலும் படிவ அரேயின் மேல்மட்டத்திலேயே கிடைக்கும். பொருளும் செய்தியும் ஃபீல்டுகள் என்பதால், ஃபீல்டின் பெயர், 'விட்ஜெட்', 0, 'வேல்யூ' என்று நான்கு படி இறங்கினால்தான் உண்மையான பெட்டி கிடைக்கும். பொத்தான் 'ஆக்‌ஷன்ஸ்' என்பதற்குள் 'சப்மிட்' ஆக இருக்கும். இதை மனப்பாடம் செய்வது வீண். டெவெல் மாட்யூலின் டி.பி.எம். என்ற செயற்கூறு கொண்டு அரேயை விரித்துப் பார்த்து, # குறியோடு தொடங்கும் சாவி பண்பு, மற்றது குழந்தை உறுப்பு என்று பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால், முன்பின் பார்த்திராத படிவத்திலும் வழி தெரியும். டி.பி.எம். இல்லாத கணினியில் முழு அரேயையும் வார்-டம்ப் (உள்ளதையெல்லாம் அச்சிடும் கட்டளை) செய்யாதீர்கள், நினைவகம் நிரம்பிவிடும்; ஒவ்வொரு மட்டத்திலும் சாவிகளை மட்டும் அச்சிட்டால் போதும்.

எந்த ஹூக் என்பதையும் கேட்பார்கள். பொதுவான ஃபார்ம் ஆல்டர் தளத்தின் எல்லாப் படிவங்களுக்கும் ஓடும். குறிப்பிட்ட ஃபார்ம் ஐ.டி. கொண்டு எழுதுவது ஒன்றுக்கு மட்டும் ஓடும். ஒரே வகைப் படிவங்களுக்குப் பொதுவான பேஸ் ஃபார்ம் ஐ.டி. கொண்டு எழுதினால் தொடர்புப் படிவங்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் பொருந்தும். ஒரே மாட்யூலில் மூன்றும் இருந்தால் பொது, பேஸ், குறிப்பிட்டது என்ற வரிசையில் ஓடும். புதிய ஹூக்கை எழுதியபின் கேஷை (ட்ரூபலின் தற்காலிகச் சேமிப்பை) துடைக்க மறந்துவிட்டு நிரலைச் சந்தேகித்துக் கால்மணி நேரம் வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது தேர்வில் பொருள், செய்தி, பொத்தான் மூன்றிலும் கிளாஸ் வந்தது. பெயரிலும் மின்னஞ்சலிலும் வரவில்லை. நிரலில் தவறில்லை. நான் நிர்வாகியாக உள்நுழைந்திருந்தேன். உள்நுழைந்தவருக்கு ட்ரூபல் அந்த இரண்டையும் பெட்டியாகக் காட்டாமல் வெறும் எழுத்தாகக் காட்டும். மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்தவுடன் ஐந்தும் சரியாக இருந்தன. தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு அல்லாமல் அதைச் சுற்றியுள்ள டிவ் என்ற உறைக்குக் கிளாஸ் வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். '#ராப்பர்_அட்ரிபியூட்ஸ்' என்றேன், லேபிளுக்கு என்றார், '#லேபிள்_அட்ரிபியூட்ஸ்' என்றேன். அத்துடன் எழுந்து மனிதவள அறைக்கு அனுப்பினார்.