புகை போகும் வழி: ஒரு ஆர்.வி. ஜெனரேட்டர் நாட்குறிப்பு

நவம்பர் 16, 2024, சனி. மேசா, அரிசோனா

பழைய ஜெனரேட்டரை ஒருவழியாக இன்று கீழே இறக்கினோம். எங்கள் ஆர்.வி., அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி, 2008 மாடல். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் மேல் கட்டிய கிளாஸ் சி ரகம். எங்களுக்கு விற்றவர் அதைப் பல வருஷம் ஷெட்டிலேயே போட்டு வைத்திருந்தார். இங்கே பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். ஓடாமல் கிடந்தால் சில மாதங்களிலேயே கெட்டு, கார்பரேட்டரின் சின்னத் துளைகளில் பிசினாகப் படிந்துவிடும். அது மட்டும் என்றால் கழுவிப் பார்த்திருக்கலாம். எஞ்சினில் கம்ப்ரஷனே, அதாவது காற்றை அழுத்தும் வலுவே, இல்லை. புதிதாக ஓனான் கம்பெனியின் 4000 வாட்ஸ் ஜெனரேட்டர் ஒன்று வாங்கியாயிற்று. பழையது இருந்த பெட்டியிலேயே உட்காரும்.

டூசானிலிருந்து மச்சினன் வந்திருக்கிறான். லாரி மெக்கானிக். புதுசைப் பிரிக்கலாமா என்று கேட்டால், "அது எங்கே போகப் போகுது அத்தான், முதல்ல காலிப் பெட்டியைப் பாருங்க" என்கிறான். பெட்ரோல் லைனுக்கு மூடி போட்டு, பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, பெட்டியைச் சாயங்காலம் வரை திறந்தபடி விட்டான். இருட்டியதும் பெட்டிக்குள் ஒரு எல்.இ.டி. டார்ச்சை வைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்தான். "அத்தான், இங்க வாங்க."

கட்டிலுக்கு அடியில் தரையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வயர்கள் மேலே ஏறும் வழி. யாரோ அதில் மஞ்சள் ஃபோம் அடித்திருக்கிறார்கள். அது சுருங்கி ஒரு பக்கம் பிறை மாதிரி இடைவெளி விட்டிருக்கிறது. அந்த ஓரம் முழுக்கக் கரி.

சமையலறை மேலே இருக்கும் கூரை விசிறியைப் போட்டு, எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, டிஷ்யூ பேப்பரில் ஒரு கீற்றைக் கிழித்து ஓட்டை வாயில் பிடித்தான். கீற்று அறைப் பக்கம் மடங்கி அப்படியே நின்றது. விசிறி காற்றை வெளியே தள்ளும்போது வண்டிக்குள் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட வெளிக்காற்று எங்கே வழி கிடைத்தாலும் அங்கிருந்து உள்ளே வரும். ஜெனரேட்டர் ஓடும் பெட்டியிலிருந்தும் வரும். என் மனைவி ஒன்றும் பேசாமல் விசிறியை நிறுத்தினாள்.

ஃபோமை முழுக்கச் சுரண்டி எடுத்தோம். அது எரியக்கூடிய சாமான், ஜெனரேட்டர் பெட்டிக்குள் அதற்கு வேலையே இல்லை. கால்வனைஸ்டு தகடு ஒன்றை வெட்டி வைத்து, வயர்களை உலோகக் குழாய்க்குள் விட்டு, சுற்றிலும் தீ தாங்கும் சீலன்ட். பெட்டிக்கும் வாழும் இடத்துக்கும் நடுவே வாயு புகாத தடுப்பு இருக்க வேண்டும் என்று ஆர்.வி. தரவிதியான என்.எஃப்.பி.ஏ. 1192 சொல்கிறது. விதி இருந்து என்ன செய்ய, ஓட்டை போட்டவர் படித்திருக்க வேண்டுமே.

நவம்பர் 23, 2024, சனி

பொருத்துகிற வேலை. 75 கிலோவுக்கு மேல் எடை. பைக் தூக்கும் ஜாக்கில் வைத்து மெதுவாக ஏற்றினோம். போல்ட்டு முடுக்குவதில் எழுத ஒன்றுமில்லை.

பெட்ரோல் லைனில் இரும்புக் குழாயை நேராக ஜெனரேட்டரில் மாட்டக்கூடாது. எஞ்சின் அதிரும், குழாய் எங்காவது விரிசல் விடும். நடுவே வளையும் ரப்பர் ஹோஸ் வேண்டும், அது மின்சாரம் கடத்தாத வகையாக இருக்க வேண்டும். பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தேன், வெளித்தோலில் நகக்கீறல் மாதிரி வெடிப்புகள். குப்பைக்குப் போயிற்று. கிளாம்ப்பும் புதிது.

அப்புறம் டெயில்பைப். அதற்குத்தான் நேரம் போனது. வண்டியின் விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலமாவது வெளியே நீட்டியிருக்க வேண்டும், அடியிலேயே முடியக்கூடாது. திறக்கும் ஜன்னல், கதவு, வென்ட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பழைய பைப் பின்சக்கரத்துக்கு உள்பக்கமே நின்றிருந்தது. எங்கோ இடித்து உடைந்ததை யாரும் மாற்றவில்லை. வளையும் பைப் போட்டால் சீக்கிரம் வேலை முடியும் என்றேன். "அது ரெண்டு வருஷத்துல பொத்தல் விழும், விழுந்தது உங்களுக்குத் தெரியாது" என்றான். நேரான இரும்புப் பைப்தான் போட்டோம், ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டு. பேட்டரி நெகடிவ் கடைசியாக.

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

முதல் ஓட்டம். எங்கள் வண்டியில் தானாக மாறும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் கிடையாது. கேம்ப் மைதானத்துக் கம்பத்தில் செருகும் அதே 30 ஆம்ப் கேபிளை, ஜெனரேட்டர் கரண்ட் வேண்டுமென்றால் கேபிள் பெட்டிக்குள் இருக்கும் சாக்கெட்டில் செருக வேண்டும். மழையில் யார் வெளியே போய் மாற்றுவது என்பது வீட்டம்மாவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே கேபிள் இரண்டு இடத்தில் செருகியிருக்க முடியாது. கம்பத்துக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் முட்டிக்கொள்ளும் வழியே இல்லை. கெட்டுப்போக அதில் எதுவும் இல்லாததால் அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

செருகும் முன் வண்டிக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். தொடர்பு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்று சேரும் இடம் கரண்ட் கிளம்பும் இடத்தில் மட்டுமே. இந்த ஜெனரேட்டருக்குள் அது சேர்த்தே வருகிறது.

எண்ணெய்க் குச்சியைப் பார்த்து, ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்து பெட்ரோலை மேலே வரவழைத்து, அப்புறம் ஸ்டார்ட். லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் சூடேற விட்டுத்தான் ஏ.சி. போட்டோம். ஏ.சி. ஓடும்போது 13 ஆம்ப் பக்கம் எடுக்கிறது. கிளம்பும் நொடியில் அதைப் பல மடங்கு இழுத்துவிட்டு அடங்குகிறது. அதனால் ஏ.சி. முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஏ.சி.யோடு இண்டக்ஷன் அடுப்பு தாங்கியது. அதோடு மைக்ரோவேவையும் போட்டுப் பார்க்கச் சொன்னான். 30 ஆம்ப் பிரேக்கர் டப்பென்று விழுந்தது. விழுகிறதா என்று பார்க்கத்தான் சொன்னானாம்.

நிறுத்தும்போதும் அப்படியே. லோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சில நிமிஷம் சும்மா ஓடி ஆறவிட்டு, அப்புறம் ஸ்டாப்.

ஜனவரி 10, 2025, வெள்ளி. குவார்ட்சைட்

ஐ-10 நெடுஞ்சாலையும் 95-உம் சந்திக்கும் பாலைவன ஊர். ஊருக்குத் தெற்கே லா போசா, மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை குளிர்காலத்துக்கென்று ஒதுக்கியிருக்கும் பொட்டல். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க இந்தப் பருவத்தில் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர். கம்பமும் கரண்டும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வண்டிகள், ஒவ்வொன்றின் கூரையிலும் சோலார்.

வண்டியை நிறுத்தும் முன் டெயில்பைப் பக்கம் தரையைப் பார்த்தேன். காய்ந்த புல் இருந்தால் அங்கே நிறுத்தக்கூடாது, சைலன்சர் சூட்டுக்கே பற்றிக்கொள்ளும். இங்கே வெறும் சரளைக்கல். காற்று மேற்கிலிருந்து வருவதால் பைப் கிழக்கே பார்த்திருக்கும்படி திருப்பி நிறுத்தினேன்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

சாயங்காலம் பக்கத்தில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. மான்டானாக்காரர், வயசானவர். கையில் தூக்கும் சின்ன இன்வர்ட்டர் ஜெனரேட்டரை இறக்கி, திருட்டுப் பயத்தில் டிரெய்லர் கொக்கியிலேயே சங்கிலி போட்டுக் கட்டினார். புகை வாய் எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தபடி.

எங்கள் வண்டியில் சுவரில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறது. கட்டிலருகே குறைந்த அளவைக் காட்டும் மீட்டர் ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். அலாரத்தில் பச்சை விளக்கு, சத்தம் இல்லை. மீட்டரில் 18 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 18. பிறகு 24.

அலாரம் கெட்டுப்போகவில்லை. யு.எல். 2034 என்ற தரவிதிப்படிதான் அது வேலை செய்கிறது. 70 பி.பி.எம். இருந்தால் ஒரு மணி நேரம் முதல் நாலு மணி நேரத்துக்குள் அடிக்கும். 150 என்றால் 10 முதல் 50 நிமிஷத்துக்குள், 400 என்றால் 4 முதல் 15 நிமிஷத்துக்குள். 30-லோ அதற்குக் கீழோ அது வாயே திறக்காது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்றுதான் தொடங்கும். நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டியவனுக்கு இந்த மூன்றும் வழக்கம்தானே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தூங்கிக்கொண்டிருப்பவனுக்கு அதுவும் தெரியாது.

ஜன்னலைச் சாத்திவிட்டு, மீட்டரையே கையில் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். கைஜெனரேட்டரைக் குறைந்தது 20 அடி தள்ளி, புகை வாய் ஆளில்லாத பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்பது இங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓயாமல் சொல்வது. சங்கிலி அவ்வளவு நீளம் வராது என்றார். எங்களிடம் நீளமான சங்கிலி ஒன்று இருந்தது, கொடுத்தேன். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக் குளிரில் உட்கார்ந்திருந்தோம்.

இங்கே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம், ஜெனரேட்டர் இரைச்சல் கூடாது. சத்தத்துக்காகப் போட்ட விதி. எனக்கு அது வேறு காரணத்துக்காகப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

காலையில் ஒருவர் வந்து, உங்களுடையதும் ஓனான்தானே, என்னுடையது ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது, திரும்பக் கிளம்பவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் விளக்கு மூன்று முறை மினுக்கியது. ஸ்டாப்பை மூன்று தடவை அழுத்தினால் இரண்டாவது குறியீடு வரும்: மூன்று மினுக்கு, இடைவெளி, ஆறு மினுக்கு. 36. எஞ்சின் தானாகவே நின்றது என்று அர்த்தம், பெரும்பாலும் பெட்ரோல் விவகாரம். வண்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். முள் கால் டேங்குக்குக் கீழே. ஜெனரேட்டரின் உறிஞ்சு குழாய் டேங்கின் அடி வரை போகாது. நடுக்காட்டில் ஜெனரேட்டர் எல்லாவற்றையும் குடித்துவிட்டால் வண்டி வீடு போய்ச் சேர வேண்டாமா? மெக்கானிக்கை வரவழைக்க ஏற்கெனவே போன் செய்துவிட்டாராம். ரத்து செய்தார்.

மதியம் எங்கள் பெட்டியைத் திறந்தேன். ஏர் ஃபில்டரில் பவுடர் போட்டதுபோல் தூசி. காற்று உள்ளே போகும் சல்லடை ஓரத்தில் ஒரு பிடி கள்ளி முள், கிழிந்த நாப்கின், இன்சுலேஷன் பஞ்சு. காட்டெலி வேலை. முள்ளை அடுக்கிக் கூடு கட்டுவது அதன் வழக்கம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் காற்று அடைத்து எஞ்சின் சூடேறியிருக்கும், கூடு பற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு, குறடால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பாலைவனத்தில் நிற்கும்வரை தினம் ஸ்டார்ட் செய்யும் முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, 2025, சனி. ஃபிளாக்ஸ்டாஃப்

ஏறத்தாழ 6900 அடி. காற்றில் ஆக்சிஜன் குறைவு, எஞ்சினுக்கும் நமக்கும். ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி போகும் என்பது கணக்கு. 4000 வாட்ஸ் இங்கே 3000-ஐ ஒட்டித்தான். வரும் வழியிலேயே கார்பரேட்டரின் உயரத் திருகைத் திருப்பி வைத்தேன், இல்லாவிட்டால் கருப்புப் புகை தள்ளும். கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் சூடாகும். டாஷ்போர்டில் பேப்பர் ஒட்டியிருக்கிறேன்.

ராத்திரி பனி. காலையில் டெயில்பைப் வாய் முக்கால்வாசி மூடியிருந்தது. மண்வெட்டியால் பைப்பைச் சுற்றிலும், வண்டிக்கு அடியிலும் பனியைத் தள்ளி வழி செய்த பிறகுதான் ஸ்டார்ட். பக்கத்து வண்டிக்காரர், பனியை அதன் சூடே உருக்கிவிடும் என்றார். உருகும்தான், அதுவரை புகை எங்கே போகும்?

மார்ச் 2, 2025, ஞாயிறு. மேசா

வீட்டு வாசலில் பராமரிப்பு. ஹவர் மீட்டர் 20-ஐத் தாண்டிவிட்டது. புது எஞ்சினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் 20 மணியில், அப்புறம் 150 மணிக்கு ஒருமுறை. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்தேன். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், இந்த மாடலில் ஆயில் ஃபில்டர் கிடையாது. எண்ணெயில் மினுமினுப்பு, புது எஞ்சின் தேய்ந்து பழகும் துகள், பயப்பட வேண்டாம் என்கிறான் மச்சினன் போனில்.

சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் இருக்கிறது. காட்டு நிலங்களில் அது இல்லாமல் ஓட்டக்கூடாது. அதன் அடி பிளக்கைக் கழற்றிவிட்டு லோடு போட்டு ஐந்து நிமிஷம் ஓட்டினால் கரித்தூள் தானாக வெளியே கொட்டும். கொட்டியது. ஆறிய பிறகு பிளக்கை மாட்டினேன்.

சுவர் அலாரத்தைக் கழற்றி முதுகைப் பார்த்தேன். தயாரித்த வருஷம் 2016. இந்த வகைச் சென்சாருக்கு ஆயுள் 5 முதல் 7 வருஷம்தான். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இன்னும் நன்றாகவே கத்துகிறது. பட்டன் சோதிப்பது மணியையும் மின்சுற்றையும்தான், சென்சாரை அல்ல. ஆர்.வி.க்கு என்று தனியாகச் சான்று பெற்ற புது அலாரம் ஆர்டர் செய்திருக்கிறேன். வரும் வரை அந்த வண்டியில் யாரும் தூங்குவதாக இல்லை.

வெயில் காலம் முழுக்க வண்டி சும்மா நிற்கும். மாதம் ஒருமுறை, பாதி லோடில், இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். பெட்ரோல் சீக்கிரம் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் கலந்தாயிற்று. காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றைச் சுழித்திருக்கிறாள் வீட்டம்மா. அன்றைக்கு ஏ.சி. போட்டு வண்டிக்குள் உட்கார்ந்து இண்டக்ஷனில் காபி போடப் போகிறாளாம். லோடுக்கு லோடும் ஆயிற்று. பழைய எண்ணெயை நாளை உதிரிபாகக் கடையில் கொடுக்க வேண்டும், இலவசமாக வாங்கிக்கொள்வார்கள்.