பற்றரி டிரில் வாங்குவதற்கு முன் வீட்டின் துளைகளை எண்ணினேன்

எங்கள் வீட்டு முன்னறை யன்னலுக்கு மேலே, திரைச்சீலை மறைக்கும் இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு குழி இருக்கிறது. அதன் ஆழம் 18 மில்லிமீற்றர். அதில் 15 மில்லிமீற்றர் சீமெந்துப் பூச்சு. மிச்சம் 3 மில்லிமீற்றர்தான் கொங்கிரீட். திரைச்சீலைக் கம்பியைத் தாங்கும் கொளுக்கியைப் பூட்டுவதற்காக, புதிதாக வாங்கிய பற்றரி டிரிலோடு ஏணியில் ஏறி, கால் மணி நேரம் முழு உடம்பாலும் அழுத்தி நான் அடைந்த ஆழம் அது. இறங்கியபோது, துளைக்கும் கம்பியான பிட்டின் முனை நீலம் பாரித்திருந்தது. மோட்டரில் இருந்து கருகிய மணம் வந்தது. பற்றரியின் மேல் அச்சடித்திருந்த "88 வோல்ட்" என்ற எழுத்து மட்டும் வாங்கிய அன்று இருந்த மிடுக்கோடு அப்படியே இருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "அப்பா கட்டின சுவர் பிள்ளை, லேசில விடாது" என்றார்.

யன்னலுக்கு மேலே ஓடுவது செங்கல்லும் அல்ல, சீமெந்துக் கல்லும் அல்ல, கம்பி போட்டு வார்த்த கொங்கிரீட் லின்டல் என்பதும், திரைச்சீலைக் கொளுக்கி எந்த வீட்டிலும் பெரும்பாலும் அதன் மேல்தான் வந்து விழும் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. திருகோணமலை உப்புவெளியில் இருபது வருடமாக அதே வீட்டில் குடியிருப்பவள் நான்.

அந்த 88 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று அறிய ஆசைப்பட்டு, எங்கள் ஒழுங்கையில் கைத்தொலைபேசி திருத்தும் பையனிடம் பற்றரியைக் கொடுத்தேன். நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் உள்ளே ஐந்து மின்கலங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட, மடிகணினிப் பற்றரிகளில் பல காலம் இருந்த அதே உருளைகள். லிதியம் அயன் மின்கலம் ஒன்றின் பெயரளவு வோல்ட் 3.6, முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் 4.2. ஐந்தைத் தொடராக இணைத்தால் 18, உச்சத்தில் 21. பையன் மீற்றரை வைத்துப் பார்த்தபோது 20.4 காட்டியது. "அக்கா, 88 இதுக்குள்ள இல்ல, ஸ்ரிக்கரில மட்டும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் பூட்டித் தந்தான்.

இந்தப் பெருக்கல் தெரிந்துவிட்டால் கடைப் பெட்டிகளில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐந்து கலம் உள்ள பற்றரியைச் சிலர் 18 வோல்ட் என்றும் சிலர் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் அச்சிடுகிறார்கள். டீவோல்ட் நிறுவனமே வட அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் எழுதி விற்கிறது. அதேபோல மூன்று கலம் உள்ளது 10.8 வோல்ட், அல்லது 12 வோல்ட் மேக்ஸ். வோல்ட்டோடு அம்பியர் மணியைப் பெருக்கினால் வருகிற வாட் மணிதான் அந்தப் பற்றரிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கான நேர்மையான அளவு. 18 வோல்ட்டும் 2 அம்பியர் மணியும் என்றால் 36. 18 வோல்ட்டும் 5 அம்பியர் மணியும் என்றால் 90. நான் வாங்கி வந்த பெட்டியில் அம்பியர் மணி என்ற சொல்லே இல்லை. அதைக் கண்டதும் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது டிரில் கனடாவில் இருந்து வந்தது. பெரியம்மாவின் மகன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது, நான் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு, தன்னுடைய பழைய டிரிலையும் சார்ஜரையும் பையோடு கொண்டு வந்து தந்தார். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பயணத்துக்கென்று விற்கும் சிறிய அடாப்டர் செருகியின் முள்ளுகளின் வடிவத்தைத்தான் மாற்றுமே ஒழிய வோல்ட்டை மாற்றாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. சார்ஜரின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. நல்ல டிரில் ஒன்று சார்ஜ் ஏற்ற வழியின்றி அலமாரியில் கிடந்தது. வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவருவதாகச் சொன்னால், டிரிலைப் பற்றிக் கேட்பதற்கு முன் சார்ஜரின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220 முதல் 240 வரை என்றோ, 100 முதல் 240 வரை என்றோ இருந்தால் மட்டும் பெட்டிக்குள் வைக்கட்டும்.

இரண்டு முறை சூடுபட்ட பிறகு, மூன்றாவதை வாங்குவதற்கு முன் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, இந்த வீடு ஒரு வருடத்தில் என்னிடம் கேட்ட துளைகளை எல்லாம் எழுதத் தொடங்கினேன். தாழ்ப்பாள், பிணைச்சல், சாமிப் படத் தட்டு, கொடிக்கயிற்றுக் கொளுக்கி, நுளம்பு வலைச் சட்டம் என்று எழுதி முடித்தபோது மொத்தம் 64 வந்தது. அதில் மரத்தில் 43. சீமெந்துக் கல் சுவரில் 14. கேற்றின் இரும்பில் 2. கொங்கிரீட்டில் வெறும் 5. பூட்டியும் கழற்றியும் வேலை வாங்கிய திருகாணிகளோ இருநூறைத் தாண்டிவிட்டன. அந்த ஐந்து துளைகளுக்காகத்தான் நான் முதலில் பெரிய எழுத்தைப் பார்த்து வாங்கியிருந்தேன். மற்ற 59 துளைகளுக்கும் இருநூறு திருகாணிகளுக்கும் எது பொருந்தும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

மரம் என்றாலும் எங்கள் பக்கத்து மரம் சும்மா மரம் அல்ல. வீட்டின் நிலைகள் எல்லாம் முதிரை. நுளம்பு வலைச் சட்டத்தை முதிரை நிலையில் நேரடியாகத் திருகாணி ஏற்றிப் பூட்டப் போய் மூன்று திருகாணிகளின் தலைகளை முறித்து, கழுத்துகளை உள்ளே புதைத்துவிட்டேன். பாலையூற்றில் இருந்து வந்த ஓடாவியார் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. "பிள்ளை, முதிரை கேட்டுத்தான் வழி விடும். முதல் மெல்லிய பிட்டால துளை போடுங்கோ, பிறகு ஆணியில கொஞ்சம் சவர்க்காரம் பூசி ஏத்துங்கோ" என்றார். 4 மில்லிமீற்றர் திருகாணிக்கு 3 மில்லிமீற்றர் துளை போட்டு, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியில் திருகாணியை ஒரு தடவை தேய்த்து ஏற்றிப் பார்த்தேன். அது வெண்ணெய்க்குள் போவதுபோல் போகவில்லை, ஆனால் முறியாமல், முனகிக்கொண்டு, கடைசி வரை போயிற்று.

அவர்தான் டிரிலின் கழுத்தில் இருக்கும் எண் வளையத்தைப் பற்றியும் சொல்லித் தந்தார். நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அதுதான் கிளச், எந்த அளவு முறுக்கு வந்ததும் மோட்டர் திருகாணியை விட்டுவிட வேண்டும் என்பதை அந்த எண் முடிவு செய்கிறது. சிறிய எண்ணில் வைத்துத் தொடங்கி, திருகாணி பாதியில் நின்று கையில் டக டக என்று அடித்தால் இரண்டு எண் கூட்டி மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று திருகாணிக்குள் அந்த மரத்துக்குரிய எண் பிடிபட்டுவிடும். துளை போடும்போது மட்டும் வளையத்தைக் கடைசியில் உள்ள பிட் அடையாளத்துக்குத் திருப்ப வேண்டும். கடையில் ஒரு டிரிலைக் கையில் எடுத்தால் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்த வளையம் தெளிவாக, இறுக்கமாகத் திரும்புகிறதா என்பதைத்தான். அடுத்தது, விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுழல்கிறதா என்பது. தொட்டவுடன் முழு வேகத்தில் பாயும் டிரில் வீட்டு வேலைக்கு ஆகாது. இம்பாக்ட் டிரைவர் என்று விற்கும் குட்டை மூக்கு மெசினில் பொதுவாக இந்த வளையமே இருக்காது. அது நீளத் திருகாணிகளை நாள் முழுவதும் ஏற்றுபவர்களுக்கு உரியது, அதன் சத்தமும் அப்படியே. அதை முதல் மெசினாக வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இனிச் சுவர். பற்றரி டிரில்களில் சுத்தியல் அடையாளம் போட்ட ஒரு வகை உண்டு. அதற்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. அந்தத் துள்ளல் மிகச் சிறியது, அதற்கு வலுவைக் கொடுப்பது பிடித்திருப்பவரின் உடம்புப் பாரம். செங்கல்லுக்கு அது போதும். கொங்கிரீட்டில், நடுவில் ஒரு சல்லிக் கல் அகப்பட்டால், அது வெறுமனே சத்தம் போடும். எஸ்டிஎஸ் என்று சொல்லப்படும், 10 மில்லிமீற்றர் தண்டுள்ள பிட்டைச் சொருகும் மெசின் வேறு சாதி: அதன் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் ஓர் இரும்புக் குண்டைப் பிட்டின் பின்புறத்தில் உண்மையாகவே அடிக்கிறது. பிடித்திருப்பவர் தள்ள வேண்டியதில்லை, நேராகப் பிடித்தால் போதும். பக்கத்து வீட்டு மேசன் அண்ணரிடம் மின்கம்பி உள்ள எஸ்டிஎஸ் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிறு காலை அதை இரவல் வாங்கி லின்டலில் போட்ட துளைகள், ஒவ்வொன்றும் அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. வருடத்துக்கு ஐந்து துளைக்குப் பற்றரியில் எஸ்டிஎஸ் வாங்குவது, பொங்கலுக்கு ஒரு நாள் பானை வேண்டும் என்று குயவர் சூளையையே வாங்குவது போன்றது.

சீமெந்துக் கல் சுவருக்கு நேர் எதிரான எச்சரிக்கை உண்டு. உள்ளே பொள்ளலான கல் என்றால் சுத்தியலை நிறுத்திவிட்டு, 6 மில்லிமீற்றர் சுவர் பிட்டால் வெறுமனே சுழற்றித் துளைப்பதே நல்லது. அடித்தால் கல்லின் உட்புறம் உடைந்து, திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் ரோல் பிளக் பிடிமானம் இல்லாமல் உள்ளே விழுந்துவிடும். எங்கள் குளியலறைச் சுவருக்குள் அப்படி விழுந்த நான்கு ரோல் பிளக்குகள் இன்னும் இருக்கின்றன.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் தேர்ந்தெடுத்தது 12 வோல்ட், பிட்டைக் கவ்வும் வாய் 10 மில்லிமீற்றர் உள்ள, சுத்தியல் இல்லாத சாதாரண டிரில். பற்றரியோடு ஏறத்தாழ ஒரு கிலோ. நல்ல 18 வோல்ட் டிரில்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வருகின்றன. அந்த அரைக் கிலோ கடையில் பெரிதாகத் தெரியாது, ஏணியின் மேல் நின்று தலைக்கு மேலே கையை நீட்டிப் பத்துத் திருகாணி ஏற்றும்போது மணிக்கட்டு சொல்லும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டர் ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் வருடம் 64 துளைக்கு அதற்கென்று கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. புல் வெட்டும் மெசினும் வட்ட வாளும் பின்னர் அதே பற்றரியில் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம், 18 வோல்ட்டையே வாங்குங்கள்.

வாங்கும்போது உண்மையில் தேர்ந்தெடுக்கப்படுவது பற்றரிக் குடும்பம்தான். அதில் ஒரே நிறுவனத்தின் பெயர் இருப்பதால் மட்டும் ஒன்று மற்றதில் பொருந்தும் என்று நம்ப முடியாது. பொஷ் நிறுவனத்தின் பச்சை நிற வீட்டு மெசினின் 18 வோல்ட் பற்றரி, அதே பொஷ்ஷின் நீல நிறத் தொழில்முறை மெசினில் பொருந்தாது. மகிற்றாவின் 12 வோல்ட், 18 வோல்ட், 40 வோல்ட் வரிசைகள் மூன்றும் தனித்தனி. ஆகவே கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்வி, இந்தப் பற்றரி தனியாக இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கிறதா என்பது. மத்திய வீதியில் ஏறி இறங்கிய மூன்று கடைகளில் ஒன்றில்தான் "இருக்கு" என்று எடுத்துக் காட்டினார்கள். அங்கேதான் வாங்கினேன்.

இரண்டாவது பற்றரியைத் தோஹாவில் இருக்கும் தம்பி கொண்டு வந்தான். உதிரிப் பற்றரியை விமானத்தின் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், கீழே போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் மணிக்கு மேற்பட்டது என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். என்னுடையது 22 கூட இல்லை. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டிக் கொண்டு வந்தான்.

திருகோணமலையில் பற்றரிக்கு எதிரி வெயில். டிரிலுக்கு எதிரி உப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேலை முடிந்த கையோடு சூடாக இருக்கும் பற்றரியைச் சார்ஜரில் போடுவதில்லை, ஆற விடுகிறேன். மகிற்றாவின் கையேடு சார்ஜ் செய்யும் இடத்தின் வெப்பம் 40 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, எங்கள் தகரக் கூரை வேலைக்கொட்டில் மத்தியானத்தில் அதைத் தாண்டிவிடும். பற்றரியை முழுதாக வடியவிட்ட பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்று அம்மாவின் தம்பி இன்றும் சொல்வார். பிளாக் அண்ட் டெக்கர் 1961 இல் முதல் பற்றரி டிரிலை விற்ற காலத்து நிக்கல் கட்மியம் கலங்களுக்கு உரிய புத்தி அது; லிதியத்துக்கு அது கெடுதல். பாதிச் சார்ஜில், குளிர்ந்த உள்ளறை அலுமாரியில் வைக்கிறேன், வெறுமையாக மாதக்கணக்கில் விடுவதில்லை.

பிட்டுகளை எண்ணெய் தடவிய பழைய சாறத் துண்டில் சுற்றிப் பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தும், போன மாரியில் வாடைக் காற்று தொடங்கி மூன்றாம் வாரம் 3 மில்லிமீற்றர் பிட்டில் துரு ஏறிவிட்டது. அது முதிரைக்குரிய பிட். இன்னும் இரண்டு யன்னலுக்கு நுளம்பு வலை போட இருக்கிறது. நாளைக்குக் கடைக்குப் போனால் அந்த அளவில் இரண்டு வாங்க வேண்டும்.