உண்ணியின் எச்சில்

நேற்று கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மேய்ந்த புள்ளிமானின் காதோரம் கொழுத்த உண்ணி ஒன்று. "அப்பா, அதுக்கு வலிக்காதா?" என்றாள் மகள்.

பெரிதாக வலிக்காது, அதுதான் உண்ணியின் கெட்டித்தனம். அதன் எச்சில் வலியை அடக்கும், இரத்தத்தை உறையவும் விடாது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் பொரேலியா கிருமிக்கோ இதே எச்சில் கவசம். சால்ப்-15 என்ற எச்சில் புரதம் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, கிருமியைத் தாக்க நம் உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளிடமிருந்து அதைக் காக்கிறது. போதாததற்கு நோயோடு போராடும் நம் டி கலங்களையும் மந்தமாக்கிவிடும். அமெரிக்க உண்ணியில், குடலிலிருக்கும் கிருமி எச்சில் வழியே நமக்குள் வரப் பெரும்பாலும் 36 மணி நேரமாவது ஆகும். அதற்குள் பிடுங்கிவிட்டால் சரி.

மகளுக்குப் பாதிதான் சொல்லி முடித்தேன். மான் அவள் கையிலிருந்த வாழைப்பழத்தோடு போய்விட்டது.