த/பெ: மதுரையிலிருந்து ஒரு பெயர்க் குறிப்பேடு

மே 1, 2025, வியாழன்

கீழமாசி வீதிப் பக்கம் விளக்கு வைத்த பிறகு வசம்பு வாங்க வருபவர்கள் ‘பேர் சொல்லாதது’ இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். மணியாகக் கோத்துக் குழந்தையின் கையில் கட்டுவதற்கு அது வேண்டும். பெயரைச் சொன்னால் ஏதோ ஒன்று நடந்துவிடும் என்ற அந்த நம்பிக்கை தொட்டிலடியிலும் உண்டு. அத்தையோ தாய்மாமனோ காதில் மூன்று முறை பெயரைச் சொல்லும்வரை குழந்தை வெறும் ‘பாப்பா’தான்.

பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது தாத்தாவின் பெயரை வாங்கிக்கொண்டவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் பழைய வழக்கம். பிள்ளைக்கு அதே பெயரை வைத்த பிறகு அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ‘ராசா’, ‘சாமி’, ‘பெரியவனே’ என்றுதான். பல வீடுகளில் கூப்பிடுகிற பெயர் தனியாக வந்தது இப்படித்தான். காகிதத்தில் வீரணன், தெருவில் ராசா. இரண்டும் அவன் பெயர்தான். ஆனால் பதிவேட்டில் ஏறப்போவது எது என்பதை ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டும்போது யோசிக்கக் கூடாது, வீட்டில் உட்கார்ந்து முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மே 5, திங்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. இந்த வசதியே பலரை அசட்டையாக இருக்க வைத்துவிடுகிறது. ‘நல்ல பெயராகப் பார்த்துப் போட்டுக்கலாம்’ என்று விட்டவர்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதுதான் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதைப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இனி பிறப்புச் சான்றுதான் ஆதாரம்.

பதியப் போகும்போது வாயால் சொல்லாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் பெயரைத் தமிழில் ஒரு வரி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கீழே தாய், தந்தை பெயர்களை அவரவர் ஆதாரில் உள்ளபடி எழுதுங்கள். குழந்தையின் பெயர் சரியாக இருந்து அம்மா பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் பின்னால் அது குழந்தைக்குத்தான் தொல்லை. ஒருமுறை ஏறிய பெயரில் எழுத்துப் பிழை என்றால் திருத்த வழி உண்டு. பெயரே பிடிக்கவில்லை, வேறு வேண்டும் என்றால் எளிதில் நடக்காது.

மே 8, வியாழன். திருக்கல்யாணம்

தடாதகையாகப் பிறந்தவள் மீனாட்சியாக மணமேடை ஏறுகிறாள் என்பது தலபுராணம். தமிழில் அவள் அங்கயற்கண்ணி: அம், கயல், கண்ணி. மீனாட்சி என்றாலும் கயல்விழி என்றாலும் கண் அதே மீன்தான்.

ஆங்கிலத்துக்குப் போனால்தான் வம்பு. ‘மீ’யை இரண்டு ‘ஈ’ போட்டும் எழுதுகிறார்கள், ஒரே ஒரு ‘ஐ’ போட்டும் எழுதுகிறார்கள். ‘ட்சி’க்கு ‘கே எஸ் எச்’ என்பார் ஒருவர், ‘டி சி எச்’ என்பார் இன்னொருவர். ஒரே மீனாட்சி, நான்கு எழுத்துக்கூட்டல். பள்ளியில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று இருந்தால் கணினிக்கு அது இரண்டு ஆள். பான் கார்டையும் ஆதாரையும் இணைக்கும்போது பெரும்பாலும் இடறுவது இதில்தான்.

மே 12, திங்கள். அழகர் ஆற்றில் இறங்கினார்

வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வேண்டிய சாமியின் பெயர். அதனால் வைகையின் இரு கரையிலும் அழகர், அழகர்சாமி, அழகம்மாள், கருப்பசாமி, பாண்டி, முனியாண்டி. ஒரே வகுப்பில் மூன்று அழகர்சாமி இருந்தால் பிரித்துச் சொல்வது இனிஷியல்தான்.

மே 14, புதன்

இனிஷியல் வெறும் ஓர் எழுத்தல்ல. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரைப் பாருங்கள். ஊர், தந்தை, தன் பெயர் என்று வரிசை. கீழடிப் பானை ஓட்டில் ‘குவிரன் ஆதன்’ என்று இரட்டைப் பெயரே கீறப்பட்டிருக்கிறது. மதுரை சௌராஷ்டிரர்களிடம் முதல் எழுத்து வீட்டுப்பெயருக்கு, அடுத்தது தந்தைக்கு. டி. எம். சௌந்தரராஜன் பெயரில் டி என்பது தொகுளுவா, எம் என்பது மீனாட்சி ஐயங்கார். சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி குறைந்து, முன்னால் தந்தையின் ஓர் எழுத்து மட்டும் நின்றதில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல மாற்றம்தான், ஆனால் உலகத்துப் படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கின்றன.

பான் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். கடைசிப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரைப் போட்டிருந்தால், பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து தந்தை பெயரின் முதல் எழுத்தாக இருக்கும். கார்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரின் எழுத்தே அங்கே நின்றால் உங்கள் பெயர்தான் கடைசிப் பெயராக ஏறியிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கும் அதே வரிசையைத்தான் கொடுக்க வேண்டும்.

வளைகுடா போகிறவர்கள் கடைசிப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு போட்டது.

தந்தை பெயர் கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு: திருமணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துக் கேட்டால், தந்தை பெயர் இல்லாமல் பிறப்புச் சான்று தர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயந்துகொண்டு பொய்ப் பெயர் எழுத வேண்டியதில்லை.

மே 20, செவ்வாய்

பிச்சை, குப்பை, மூக்கன் என்ற பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அவற்றின் பின்னால் உள்ள சாவுகளை அறியாதவர்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் உருட்டி எடுத்துக் குப்பன் என்றார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்றார்கள். எமன் ஆசைப்படாதபடி மறைத்துவைத்த பெயர்கள் அவை.

உசிலம்பட்டிப் பக்கம் வழங்கும் ‘போதும்பொண்ணு’ அப்படியல்ல. அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று பெண்ணின் தலையில் எழுதியது. சுமப்பவள் விரும்பினால் அதை மாற்றிக்கொள்ள முழு உரிமை உண்டு, வீட்டார் தடுக்கக் கூடாது.

வழி தமிழ்நாடு அரசிதழ். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் படிவத்தில் பழைய பெயர், புதிய பெயர், காரணம் எழுதி, பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று வைத்து, சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். கெஜட்டில் வருவது ஒரே வாக்கியம்: இன்ன பெயருடைய, இன்ன தேதியில் பிறந்த, சொந்த மாவட்டம் மதுரை, இந்த முகவரியில் வசிக்கும் நான் இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன். விளைவுகளுக்கு அறிவித்தவரே பொறுப்பு, அரசு பொறுப்பல்ல என்ற குறிப்பும் கூட வரும். அச்சான உடனே பழைய பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். அது சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் இணைக்கும் பாலமே உடைந்துவிடும். அதன்பின் ஆதார், பிறகு பான், பிறகு வங்கி என்று போங்கள். பழைய மதிப்பெண் பட்டியலில் பழைய பெயரே இருக்கும். அதோடு எப்போதும் கெஜட்டைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மே 27, செவ்வாய்

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். ஆதார் மையத்தில் ஆங்கிலத்தில் தட்டத் தட்டத் தமிழை இயந்திரமே எழுதுகிறது. வள்ளி வல்லி ஆவதும், கண்ணன் கன்னன் ஆவதும், அழகு அலகு ஆவதும் அங்கேதான். நம் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். தவறு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டையும் மையத்தை விட்டு வெளியே வருமுன் படித்துவிடுங்கள்.

ஜூன் 2, திங்கள். பள்ளி திறப்பு

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு. பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது இனிஷியல், தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு அலைச்சல் அதிகம்.

எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டுகிற ஆசை இருந்தால் கடைப் பலகையோடு நிற்கட்டும். பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஜூன் 6, வெள்ளி

பட்டாவில் கருப்பன், ரேஷன் கார்டில் கருப்பையா, இறப்புச் சான்றில் கருப்பசாமி. வாரிசுகளுக்கு நிலம் மாறாமல் நிற்பது இப்படித்தான். இறப்பைப் பதியும்போதே ‘கருப்பன் என்கிற கருப்பையா’ என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், கையில் இரண்டு பெயருக்கும் சான்று இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் அவரை மேலவீட்டுத் தாத்தா என்றே கூப்பிட்டிருப்பார்கள். அதனால் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கிரயப் பத்திரத்தில் ‘மகன்’ என்ற சொல்லுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.