பதினைந்து மைல் வட்டத்தை அழித்தேன்

நாய் வளர்ப்பவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்க் கொல்லையில் கிடக்கும் கழிவை அள்ளிக் கொடுப்பது என் தொழில். அமெரிக்காவில் இது புதிதில்லை. டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் 2025 மார்ச்சில் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டை நடுவில் வைத்து வரைபடத்தில் 15 மைலுக்கு ஒரு வட்டம் போட்டேன். ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி, ரிச்சர்ட்சன் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. யார் கூப்பிட்டாலும் "வர்றேன்" என்று சொல்லிவிடுவேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமைக் கணக்கை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஒன்பது வீடு, 71 மைல். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்றால் கொல்லையில் நின்றது ஒரு மணி 48 நிமிஷம்தான். வண்டியில் உட்கார்ந்திருந்தது மூன்று மணி 20 நிமிஷம். வீட்டுக்கு 18 டாலர் வீதம் வரவு 162. அமெரிக்க வருமான வரித்துறை 2025-க்கு வண்டிச் செலவாக மைலுக்கு 70 சென்ட் வைத்திருந்தது. அப்படிப் பார்த்தால் வண்டிச் செலவே 49 டாலர் 70 சென்ட். டோல் தனி. எங்களுக்கு மேற்கே டாலஸ் நார்த் டோல்வே, வடக்கே 121-ஆம் எண் சாலை, தெற்கே ஜார்ஜ் புஷ் டர்ன்பைக், மூன்றும் டோல் ரோடு. இந்த மூன்று பக்கம் எதில் அவசரமாகப் போனாலும் காசு.

நோட்டை வாங்கிப் பார்த்த என் மனைவி, "வட்டத்தை விடுங்க. எந்த ரோட்டைத் தாண்டும்போது நேரம் போகுதுன்னு பாருங்க" என்றாள். அதுதான் வழி. 75-ஆம் எண் நெடுஞ்சாலையைச் சாயங்காலம் குறுக்கே கடக்கச் சில நாள் இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. வரைபடத்தில் அது ஒரு விரல்கடை. ஆகவே கிழக்கே 75, மேற்கே காய்ட் ரோடு, வடக்கே லெகசி, தெற்கே பார்க் பொலிவார்ட் என்று நான்கு சாலைகளை எல்லையாக வைத்தேன்.

எந்தக் கிழமை எந்தப் பகுதி என்பதை முடிவு செய்தது குப்பை லாரி. அள்ளியதை இரட்டைப் பையில் கட்டி அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வருவோம். ஜூனில் ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். பையின் முடிச்சைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. அவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு லாரி வருவது வியாழன், நான் போனது வெள்ளி. ஆறு நாள் அந்த வெயிலில் பை கிடந்திருக்கிறது. அன்றைக்கே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் குப்பை எடுக்கும் கிழமையைக் கேட்டு எழுதினேன். நகராட்சி பகுதி பகுதியாகத்தான் எடுக்கிறது என்பதால், லாரிக்கு முந்தின நாள் நான் போவது என்று வைத்தவுடன் வீடுகள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்துகொண்டன.

அடுத்தது மண். இந்தப் பக்கத்து மண் எங்கள் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியேதான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் பூட்ஸோடு கிலோக் கணக்கில் அப்பிக்கொள்ளும். அந்தச் சேற்றோடு அடுத்த வீட்டுக்குப் போனால் நோயையும் சுமந்துகொண்டு போகிறோம் என்று அர்த்தம். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அசையாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர், பத்து நிமிஷம் ஊற வேண்டும். அதுவும் சேற்றை முழுக்கக் கழுவிய பிறகுதான் வேலை செய்யும். அதனால் வண்டியில் தண்ணீர் கேனும், ப்ரஷும், இரண்டாவது ஜோடி பூட்ஸும் உண்டு. தடுப்பூசி முடியாத குட்டி இருக்கும் வீடு வரிசையில் முதல், நோய் வந்த வீடு கடைசி. இப்படி வரிசை மாறினால் சில மைல் கூடும். கூடட்டும், ஒரு குட்டியின் உயிரைவிடப் பெட்ரோல் பெரிதில்லை.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்: பதினாறு வீடு, 19 மைல், 288 டாலர். வண்டிச் செலவு 13 டாலர் 30 சென்ட். குழந்தைகள் பள்ளியிலிருந்து வரும் முன்பே வீட்டில் இருந்தேன்.

மிகவும் கஷ்டப்பட்டது "வர முடியாது" என்று சொல்லத்தான். எல்லைக்கு வெளியே இருந்த பதினோரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லி, அந்த மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மெக்கின்னியில் இருக்கும் நம்மூர் அண்ணன் ஒருவர் ஃபிரிஸ்கோ அனுமார் கோயிலில் பார்த்தபோது விடவில்லை.

"என்ன தம்பி, பத்து நிமிஷ டிரைவ்தானே?"

"போக வர நாற்பது நிமிஷம் ஆகுதுண்ணே. உங்க தெருவில நாலு வீடு சேர்ந்தா ஒரு நாள் ஒதுக்கிடறேன்."

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் அன்று பிரசாதம் இறங்கவில்லை. போன வாரம் அவரிடமிருந்து போன்: மூன்று வீடு சேர்த்துவிட்டாராம், நாலாவது வீட்டுக்காரர் நாய் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். குப்பை லாரி என்றைக்கு வரும் என்று கேட்டேன். புதன் என்றார். செவ்வாய் சாயங்காலம் எனக்கு இடம் இருக்கிறது.