நெல் ரயிலை வைத்து வியாபார மந்தத்தைக் கணிக்க முடியாது

தை, மாசியில் நீடாமங்கலம் ஸ்டேஷனில் மூட்டை ஏறுவதைப் பார்த்துவிட்டு "யாவாரம் நல்லாத்தானே ஓடுது" என்பவர்கள் உண்டு. அந்த ரயிலுக்கும் கடைத்தெருவுக்கும் சம்பந்தம் குறைவு. 21 வேகனில் சுமார் 1,250 டன், அதாவது 40 கிலோ சிப்பமாக 31,250 மூட்டை. அத்தனையும் கொள்முதல் நிலையத்தில் அரசு விலைக்கு வாங்கி, வெளிமாவட்ட அரவைக்குப் போகிற நெல். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்ததா, அறுப்பில் மழை பிடித்ததா, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நின்றதா, வேகன் கிடைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் அது கூடும், குறையும். கடைகளில் ஈ ஓட்டுகிற வருஷத்திலும் நிரம்பித்தான் போகும்.

காரைக்கால் துறைமுகத்துக் கரி ரயிலும் இப்படித்தான் ஏமாற்றும். ஆனி, ஆடியில் காற்றாலை மின்சாரம் கூடுவதால் அனல் மின் நிலையங்களில் கரிச் செலவு குறையும். அப்போது கரி ரயில் குறைவது காற்றின் கணக்கு.

மந்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் லாரி புக்கிங் ஆபீஸ். அதிலும் சிமென்ட், கம்பி, டைல்ஸ், பெயின்ட், ஃபர்னிச்சர் லோடுகள். இவை ஜனங்கள் தாங்களாகக் கைக்காசு போட்டு வாங்குகிற சாமான்கள். தள்ளிப்போட நினைத்தால் முதலில் தள்ளிப்போவதும் இவைதான்.

ஒரு நோட்டில் நாலு எண் போதும்: எத்தனை லோடு, எத்தனை டன், ரிட்டன் லோடுக்காக (திரும்பும்போது ஏற்றும் சரக்குக்காக) வண்டி எத்தனை நாள் நின்றது, பேலன்ஸ் வாடகை (முன்பணம் போக மீதி) எத்தனை நாளில் வந்தது. கடைசி எண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன். சரக்கு இறங்கிய ரசீது வந்ததும் பேலன்ஸ் தருவது வழக்கம். 15 நாளில் வந்த பணம் 40 நாளுக்கு இழுத்தால், முன்பு ஆர்டர் போட்ட சரக்கு கடைக்கு வந்துகொண்டிருக்கிறது, வந்தது விற்கவில்லை என்று பொருள். லோடு எண்ணிக்கை அதற்குப் பிறகே இறங்கும்.

லோடை மட்டும் எண்ணினால் தப்பும். 2018 ஜூலையில் லாரிகளுக்கு அனுமதித்த அச்சுப் பாரத்தை உயர்த்தியபோது 10 சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. காலி வண்டி 9 டன் என்றால், முன்பு 100 நடையில் போன சரக்கு 82 நடையில் முடிந்துவிடும். 18 நடை குறைந்தாலும் சரக்கு ஒரு டன்கூடக் குறையவில்லை. டன்னை மட்டும் பார்த்தாலும் தப்பும்: வைக்கோல் கட்டு ஏற்றிய லாரி உயரத்தில் நிரம்பிவிடும், எடை மேடையில் பாதிகூடக் காட்டாது.

வாடகை தனிக் கதை. கரி, தாது, தானியம் ஏற்றும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் குறியீடு பால்டிக் ட்ரை இண்டெக்ஸ். 2008 மே மாதம் அது 11,793. அதே டிசம்பரில் 663. அது நிஜமான முடக்கம். 2016 பிப்ரவரியில் அது 290-க்கு இறங்கியதற்குத் தேவை குறைந்தது ஒரு பங்கு, கப்பல்களை அளவுக்கு மீறிக் கட்டிவிட்டது இன்னொரு பங்கு. லாரிக்கும் இதே நியாயம். டன் குறையாமல் வாடகை மட்டும் இறங்கினால் வண்டி அதிகம். டன் குறைந்து வாடகை ஏறினால், வண்டிகளைக் கொள்முதல் நிலையங்கள் இழுத்துக்கொண்டன. மாசியில் இது சகஜம். டன்னும் வாடகையும் சேர்ந்து இறங்கி, வண்டியும் கூடுதல் நாள் நின்றால்தான் மந்தம் என்று சொல்லலாம். வாடகையை ஒப்பிடும்போது டீசல் செலவைக் கழித்துவிட வேண்டும்.

புயலையும் தனியாக வைக்க வேண்டும். 2018 நவம்பர் கஜாவில் பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னைகள் சாய்ந்து தேங்காய் லோடு விழுந்தது. விழுந்தது மரம், சந்தை அல்ல. அதே நேரம் மின்கம்பமும் கூரைத் தகடும் ஏற்றி வந்த வண்டிகள் கூடின. அதையும் வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது.

ஒப்பீடு எப்போதும் போன வருஷத்து அதே மாதத்தோடு. தீபாவளிக்கு மட்டும் அது சரிவராது: 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. மாதம் மாதமாகப் பார்த்தால் 2024 அக்டோபர் துள்ளும், நவம்பர் படுக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.